வெறும் வாணலிச் சூடும் கூண்டுப் பறவைகளும்

கேள்வி: காலி நான்ஸ்டிக் வாணலியை அடுப்பில் வைத்து மறந்துவிட்டோம். பக்கத்து அறைக் கூண்டில் இருந்த மூன்று பட்ஜிகளில் (சிறு கிளிகள்) இரண்டு சற்று நேரத்தில் மூச்சுத் திணறிச் செத்துவிட்டன. ஒன்று சோர்ந்து கிடக்கிறது. இது நோயா? வளர்க்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் பரவுமா?

பதில்: முதலில் உயிரோடு இருக்கும் பட்ஜியைப் பாருங்கள். கூண்டோடு வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் திறந்து மூச்சு வாங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குவது இரண்டும் ஆபத்தின் அறிகுறி. இதற்கு முறிமருந்து இல்லை. ஆக்சிஜனும், நுரையீரலில் நீர் கோப்பதைக் குறைக்கும் மருந்தும்தான் கொடுப்பார்கள். தேறியது போலத் தெரிந்தாலும் ஓரிரு நாள் கண்காணிப்பு தேவை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது தொற்று நோய் அல்ல, வாணலிப் பூச்சின் நஞ்சுதான். பிடிஎஃப்இ என்ற அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். பெரிய தீயில் வெறும் வாணலி சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். கிளம்பும் ஆவி கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சவ்வும் மிக மெல்லியது. அதனால் நமக்குக் காய்ச்சலும் இருமலுமாக வந்து போகிற அளவு நஞ்சே பட்ஜியைக் கொன்றுவிடும். இறந்த பறவைகளை உறைய விடாமல் குளிரில் வைத்துக் கொடுத்தால், பிரேதப் பரிசோதனையில் ரத்தம் கோத்த நுரையீரலைப் பார்த்து மருத்துவர் உறுதி செய்வார்.

குஞ்சுகளுக்கு இது பரவாது. ஆனால் அவற்றுக்குச் சூடு கொடுக்கும் பல்பைச் சோதித்துவிடுங்கள். உடைந்தால் கண்ணாடி சிதறாமல் இருக்க சில பல்புகளுக்கு இதே பூச்சைப் பூசுகிறார்கள். அதனால் குஞ்சுகள் கூட்டமாக மடிந்ததுண்டு. அட்டையில் பிடிஎஃப்இ, டெஃப்லான், 'சிதறாத பல்பு' என்று போட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

பறவை வளர்க்கும் வீட்டில் நான்ஸ்டிக் பாத்திரமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கதவை மூடுவதையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ நம்ப முடியாது. இரும்பு, எவர்சில்வர், மண் பாத்திரம் போதும். ஏர் ஃபிரையர், அயர்ன் பாக்ஸ், அறை ஹீட்டர் ஆகியவற்றிலும் இந்தப் பூச்சு இருக்கலாம். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.