முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-இல் ஒரேயடியாக முடிந்ததா? போர்நிறுத்தம் என்றால் என்ன?

போர்நிறுத்தம் என்றால் சுடுவதை நிறுத்துவோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வது, அவ்வளவுதான். வரப்புத் தகராறில் அரிவாளைக் கீழே போடுவது மாதிரி. பத்திரம் பதிவதெல்லாம் அப்புறம்.

ஜெர்மனியின் கூட்டணியில் முதலில் விழுந்தது பல்கேரியா, செப்டம்பர் 29. சின்ன நாடுதானே என்று தோன்றும், ஆனால் அது பந்தலின் மூலைக்கால். அது சாய்ந்ததும் தெற்கு வாசல் திறந்துகொண்டது, அதை அடைக்க ஜெர்மனியிடம் படை மிச்சமில்லை, மேற்கிலும் ஆகஸ்டிலிருந்தே பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதே நாளில்தான் ஜெர்மானியத் தளபதி லூடென்டோர்ஃப், உடனே போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்று பேரரசரிடமே சொல்லிவிட்டார். அக்டோபர் 30-இல் ஒட்டோமான் பேரரசு, நவம்பர் 3-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி என்று அடுத்தடுத்து கையெழுத்துப் போட்டார்கள்.

ஜெர்மனியின் முறை வந்தபோது, பிரான்சின் கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள், நவம்பர் 11 விடியற்காலை ஐந்து மணிவாக்கில் கையெழுத்தானது. ஆனால் அமலுக்கு வந்தது காலை 11 மணிக்கு. நடுவில் இருந்த அந்த ஆறு மணி நேரமும் சண்டை ஓயவில்லை என்பதுதான் எனக்கு ஜீரணிக்க முடியாத விஷயம். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்க வீரர் 10.59-க்குச் செத்தார்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலோ ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் நவம்பர் 25-இல்தான் முறைப்படி சரணடைந்தார்.

சரி, நவம்பர் 11 சமாதான ஒப்பந்த நாள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஜெர்மனியுடனான வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28-இல்.