பக்கத்துக்கு 45 நிமிடம்

வணக்கம் ஐயா,

என் மகள் ஒரு பிளேலிஸ்ட் அனுப்பினாள். 214 பாட்டு. “உங்களுக்காகத்தான்ப்பா சேர்த்தேன்” என்றாள். பத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. நாங்கள் நண்பர்களுக்குக் கேசட்டில் பதிந்து கொடுத்தபோது இருந்த மனசு இதில் இல்லையோ என்று தோன்றுகிறது. நான் நினைப்பது சரியா?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

மனசு இருக்கிறது. எல்லைதான் இல்லை.

1963இல் பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தபோது அது பேச்சைப் பதிவதற்கான பொருள். பாட்டுக் கடிதமாக்கிக்கொண்டது நம்மைப் போன்றவர்கள்தான். சி-90 என்பது 90 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்பது பிடிக்கும். பத்தாவது வர வேண்டுமானால் ஒன்று வெளியே போக வேண்டும். ஒவ்வொரு பாட்டும் ஓடி முடியும்வரை பதிபவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். முதல் சில விநாடி ஒலி பதியும் பூச்சில்லாத வெற்று நாடா, அதைத் தாண்டாமல் தொடங்கினால் முதல் சொல் போய்விடும். முடித்ததும் மேல்விளிம்பிலுள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவோம், யாரும் மேலே எதையும் பதிந்துவிடாதபடி. நண்பனுக்காகப் பதிந்த ஒரு கேசட்டில் எனக்கு நாடா தீர்ந்து, கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தில் அறுந்துவிட்டது. இன்றும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும், அந்த இடம் வரும்போது காது தயங்குகிறது.

அப்புறம் சிடி வந்தது. 80 நிமிடம், பதியச் சில நிமிடம் போதும். பாட்டைச் சுருக்கிச் சேமிக்கும் எம்பி3 வந்தபின் அதே சிடியின் 700 எம்பியில் 150 பாட்டு ஏறியது. நிறைத்துக் கொடுப்பதே அன்பு என்று நாம் பழகியது அப்போதுதான். உங்கள் மகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பிளேலிஸ்டில் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. அனுப்புவது பாட்டின் பட்டியலை மட்டும்தான். உரிமம் முடிந்து ஒரு பாட்டை எடுத்துவிட்டால் அந்த வரி மங்கிப்போகும், கேட்க முடியாது. ஆனால் கேசட் ஒருவழிப் பாதை. ஒரே பிளேலிஸ்டில் இருவரும் பாட்டுச் சேர்க்க முடிகிறதே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். அந்த 214இலிருந்து 45 நிமிடத்துக்கு மட்டும் பொறுக்கி, வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். எதை விடுவது என்று அவளும் கொஞ்சம் தவிக்கட்டும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில் கேளுங்கள். கேட்டு முடித்ததும் இரண்டாம் பக்கத்தை நீங்கள் போட்டு அனுப்புங்கள்.