முதலில் மிக்ஸியை இறக்குங்கள்

கேள்வி: ஈரோட்டில் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான்களைப் பிரித்து, உலோகத்தைத் தரம் பார்த்து விற்பதைப் பொழுதுபோக்காகச் செய்ய ஆசை. வீட்டில் ஒரு மிக்ஸி, இரண்டு சீலிங் ஃபேன், பழைய கம்ப்யூட்டர், பெட்டி டி.வி., ஓடாத ஃபிரிட்ஜ் கிடக்கின்றன. எதில் தொடங்கலாம்? என்ன கருவி வேண்டும்? மதர்போர்டிலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்களே, உண்மையா?

பதில்: தங்கத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு பழைய ஸ்பீக்கரைத் தேடிப் பிடியுங்கள். அதன் பின்னால் இருக்கும் வட்டக் காந்தம்தான் முதல் கருவி. செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் எதிலும் அது ஒட்டாது, இரும்பில் ஒட்டும். எவர்சில்வர்தான் குழப்பும். அதில் சில ரகம் காந்தத்தில் ஒட்டும், சில ரகம் ஒட்டவே ஒட்டாது. காந்தம் ஒட்டாத வெள்ளைப் பொருளை எல்லாம் அலுமினியம் என்று மூட்டையில் போட்டுவிடாதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள். அதே அளவு அலுமினியத்தைவிட எவர்சில்வர் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம்.

அடுத்தது ஒரு சின்ன அரம். பளபளக்கும் பழைய தண்ணீர்க் குழாயை அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. உள்ளேயும் வெள்ளையாக இருந்தால் துத்தநாகக் கலவை, அதற்கு விலை குறைவு. மற்றபடி திருப்புளி செட், கட்டிங் பிளையர், ஆக்ஸா பிளேடு, உளி, சுத்தியல், வீட்டில் வைத்து நிறுக்க ஒரு சின்னத் தராசு போதும். தடித்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். தகரம் கிழித்தால் அப்போது ஓடுவதைவிட முன்னாலேயே போட்டுக்கொள்வது நல்லது.

சரி, மிக்ஸிக்கு வருவோம். நான் இருபது வருடம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவன். பழக வருகிற பையன்களுக்கு முதலில் மிக்ஸியைத்தான் கொடுப்பேன். கையடக்கமான பொருள், ஆபத்து குறைவு, உள்ளே ஐந்தாறு விதமான சரக்கு இருக்கும். கவிழ்த்துப் போட்டு ரப்பர் காலடியில் இருக்கும் திருகுகளைக் கழற்றினால் அடித்தட்டு வந்துவிடும். மேலே ஜார் உட்காரும் இடத்தில் இருக்கும் கப்ளர்தான் முரண்டு பிடிக்கும். கீழே தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். ஒரு பக்கம் வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள், சில மாடல்களில் மரை தலைகீழாக இருக்கும். பிறகு இரண்டு பக்கமும் இருக்கும் கார்பன் பிரஷ்களை எடுத்துவிட்டால் நடுவில் சுழலும் ஆர்மேச்சர் கழன்று வரும். அதன் ஒரு முனையில் வரிவரியாக மின்னுவது கம்யூட்டேட்டர், அது செம்பு. அதோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் ஒரு ‘காயில்’, வெளியே நிற்கும் இரும்புத் தகடுகளில் சுற்றியிருப்பது இன்னொரு காயில்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். காயில் சிவப்பாக இருப்பதாலேயே அது செம்பு ஆகிவிடாது. வைண்டிங் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். உள்ளே அலுமினியம் இருந்தாலும் அந்தப் பூச்சு செம்பு மாதிரியே தெரியும். கடை தொடங்கிய புதிதில் ஒரு மூட்டை மோட்டாரைச் செம்பு விலைக்கு வாங்கி வந்து, வீட்டில் பிரித்த பிறகுதான் பாதி அலுமினியம் என்று கண்டேன். கொடுத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது, சுரண்டிப் பார்க்காதது நான்தான். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். உள்ளே வெள்ளி நிறம் வந்தால் அலுமினியம். விளம்பரத்தில் ‘காப்பர் மோட்டார்’ என்று ஏன் அத்தனை பெரிய எழுத்தில் போடுகிறார்கள் என்பது அப்போது புரியும்.

காயில் வார்னிஷில் ஊறிக் கல்லாக இறுகியிருக்கும். தகடுகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பக்கத்தை உளியால் வெட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து குறடால் கொத்தாக இழுத்தால் வந்துவிடும். வைண்டிங் கடைகளில் காலங்காலமாகச் செய்கிற முறை இதுதான். காயிலையோ ஒயரையோ நெருப்பில் போட்டு எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பி.வி.சி. ஒயரை எரித்தால் டையாக்சின் என்கிற நச்சு வெளியே வரும். தெருவே மூச்சை அடைத்துக்கொள்ளும். அதோடு கருகிய செம்புக்குக் கடையில் விலையும் இறங்கும். ஒயரைக் கத்தியால் உரிப்பதே சரி. தடித்த ஒயர் என்றால் உரிப்பதில் லாபம் உண்டு. மெல்லிய ஒயரை உரித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஞாயிறு போய்விடும், அதை அப்படியே கொடுத்துவிடுங்கள். மலிவான நெட்வொர்க் கேபிள்களில் செம்புப் பூச்சு போட்ட அலுமினியம் வருகிறது. அங்கேயும் பிளேடு வேலை உண்டு.

அடுத்த ஞாயிறு ஃபேன். இதில் வெளி உடம்பு சுழலும், காயில் நடுவில் அசையாமல் நிற்கும். இறக்கை பெரும்பாலும் அலுமினியம், தொங்கும் தடி இரும்பு. நேற்றுவரை ஓடிய ஃபேன் என்றால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டரின் இரண்டு ஒயர் முனைகளையும் பிளாஸ்டிக் பிடி போட்ட திருப்புளியால் ஒரு தரம் சேர்த்துத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். உள்ளே இரண்டு பேரிங் இருக்கும், பல ஃபேன்களில் 6202 என்று எண் போட்டிருக்கும். விரலில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் சுற்றினால் அதை இரும்பு மூட்டையில் போடாதீர்கள்; ரிப்பேர்க் கடையில் உதிரியாகவே எடுத்துக்கொள்வார்கள். சென்னை புதுப்பேட்டையும் ரிச்சி தெருவும் வாழ்வதே இப்படித்தான். வண்டியோ கம்ப்யூட்டரோ, உதிரியாகப் போகிற பாகத்துக்கு எடைக்குப் போடுவதைவிட எப்போதும் கூடுதல் காசு.

கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கைக் கட்டாயம் உங்கள் கையாலேயே பிரியுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு விவரம் முதல் குடும்பப் படம் வரை அதில் இருக்கலாம். நட்சத்திரத் தலை திருகுகளுக்கு டி-8 போன்ற பிட் வேண்டும். ஒரு திருகு லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்கும் வரை மூடி அசையாது. உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தங்கள் சின்னதுதான், ஆனால் விரல் நடுவில் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். அதே பெட்டியில் இருக்கும் பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். அதன் பெரிய கப்பாசிட்டரில் ஓடும்போது 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், நிறுத்திய பிறகும் மிச்சம் தங்கலாம்.

இப்போது தங்கம். மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவக அட்டை, அதாவது ரேம் போர்டின் ஓரத்தில் மின்னுவது தங்கம்தான், பொய்யில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூச்சு ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் தங்கத்துக்கு 500 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரப்பு வேண்டும். ஒரு ரேமின் இரண்டு பக்கமும் சேர்த்தால் ஐந்தாறு சதுர சென்டிமீட்டர் தேறும். ஆக நூறு ரேம் இருந்தால் ஒரு கிராம், அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தால். அதற்கு நைட்ரிக் அமிலம் வேண்டும். உலோகத்தில் அது பட்டதும் எழும் பழுப்புப் புகையைச் சுவாசித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மிஞ்சும் அமிலத்தை எங்கே கொட்டுவீர்கள்? இப்படிக் கொட்டியும் எரித்தும்தான் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் கெட்ட பெயர் வாங்கியது. வீடியோவை ரசியுங்கள், அதோடு விடுங்கள். போர்டுகளை முழுசாக, உடைக்காமல் சேர்த்து வைத்துப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.

பதிவு என்றதும் ஒன்று. மின்னணுக் கழிவுக்கு 2022-இல் வந்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. உங்கள் வீட்டு மிக்ஸியை நீங்கள் பிரிப்பது வேறு. ஊராரிடம் கம்ப்யூட்டர் வாங்கிப் பிரித்து விற்றால் அது தொழில். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. முன்பின் தெரியாதவர் சல்லிசாகச் செம்புக் கம்பி கொண்டுவந்தாலும் வாங்க வேண்டாம். பம்புசெட் ஒயர் திருட்டு எத்தனை நடக்கிறது என்பது உங்கள் ஊர்ப் பக்கம் தெரியாததல்ல.

விற்கும்போது செம்பு, அலுமினியம், பித்தளை, இரும்பு தனித்தனிச் சாக்கில் போக வேண்டும். கலந்து கொண்டுபோனால் காயலான் கடையில் அதில் இருக்கும் மலிவான உலோகத்தை வைத்தே விலை சொல்வார்கள். பேரீச்சம்பழத்துக்குப் போட்ட காலத்துக் கணக்காகிவிடும். வீட்டிலேயே எடை போட்டு எழுதிக்கொண்டு, இரண்டு மூன்று கடையில் அன்றைய விலை கேளுங்கள். உலகச் சந்தையைப் பார்த்துச் செம்பு விலை ஏறி இறங்கும், அவசரம் இல்லை என்றால் சேர்த்து வைக்கலாம். முதல் மாதம் வரும் காசு கையுறைக்கும் திருப்புளிக்கும் சரியாகப் போகும்.

ஃபிரிட்ஜில் கை வைக்காதீர்கள். குழாயை வெட்டினால் கேஸ் பீறிடும். பல புது ஃபிரிட்ஜ்களில் இருப்பது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். மெக்கானிக் கேஸை முறையாக எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பட்டியலில் இல்லை என்றாலும் சொல்கிறேன், மைக்ரோவேவ் அவன் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் கப்பாசிட்டர் ஆளையே கொல்லும். உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்திப் பார்க்கவும் வேண்டாம்.

பெட்டி டி.வி.யையும் திறக்க வேண்டாம். படக்குழாய் காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடி, உடைந்தால் உள்நோக்கி வெடித்துச் சில்லுகள் பறக்கும். கண்ணாடியில் ஈயமும் உண்டு. அப்படியே மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். பரணிலிருந்து இறக்க இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள். கனமெல்லாம் திரைப் பக்கம்தான், அதனால் திரை உங்கள் நெஞ்சைப் பார்க்கும்படி அணைத்துப் பிடியுங்கள். பின்னால் நீண்டிருக்கும் பாகம் ஏணியில் இடிக்காமல் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.