டெக்சாஸிலிருந்து சிங்கப்பூர் வரும்போது கைத்துப்பாக்கியைக் கொண்டுவரலாமா?

வணக்கம் சகோதரி. டெக்சாஸில் உரிமத்தோடு வாங்கிய கைத்துப்பாக்கியை உங்கள் கணவர் இங்கே வீட்டில் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ள விரும்புகிறார், "அது என் சுதந்திரம்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொண்டுவர விடாதீர்கள். அந்த ஊர் உரிமம் சிங்கப்பூரில் செல்லாது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. காயப்படுத்தும் நோக்கத்தில் சுட்டால், யாருக்கும் அடிபடாவிட்டாலும் மரண தண்டனைதான்.

அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் மகள் இரவு கடைசி எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கி, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தனியாக நடந்து வருகிறாள். எனக்கு அதுதான் பெரிய சுதந்திரம்.

சுடுவதில் ஆர்வம் என்றால் இங்கே சங்கங்கள் இருக்கின்றன, விளையாட்டாகப் பழகலாம். துப்பாக்கி, சுடுதளத்துக் கிடங்கில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது.

அங்கேயே உரிமம் பெற்ற வியாபாரியிடம் விற்றுவிடச் சொல்லுங்கள். அப்புறம் பெட்டி, பழைய பைகள், ஜாக்கெட் பாக்கெட் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். காலித் தோட்டா உறை, தோட்டா சாவிக்கொத்து கிடந்தாலும் சாங்கி விமான நிலையத்தில் சிக்கல்தான்.