998 சிசி பழைய மினிக்கு ரோலர் ராக்கர் போடுவது பணத்துக்குத் தகுமா?

எஞ்சினில் வேறெதையும் தொடாமல் 1.5 விகித ரோலர் ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும், முனையில் உருளை வைத்த நெம்புகோல்) மட்டும் போடுவதானால், என் பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

மினியின் ஏ-சீரிஸ் எஞ்சினில் ராக்கரின் விகிதம், அதாவது கேம் தரும் அசைவை வால்வில் எத்தனை மடங்காக்குகிறது என்பது, ஏறக்குறைய 1.25. அதை 1.5 ஆக்கினால், அதே கேம்ஷாஃப்டை (வால்வுகளை இயக்கும் தண்டு) வைத்தே வால்வு சுமார் 20 சதவீதம் கூடுதலாகத் திறக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எஞ்சினின் மூச்சை அடைப்பது வேறு இடம். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இன்லெட் போர்ட் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி) இரண்டே இரண்டு; பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் முதல் செலவு எக்ஸாஸ்ட், இன்லெட் மேனிஃபோல்டு, ஏர் ஃபில்டர், அதற்கேற்ற கார்புரேட்டர் ஊசி (பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது) ஆகியவற்றுக்குப் போகட்டும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் போர்ட்டுகளைச் சீராக்கும் வேலையைச் செய்யுங்கள். ராக்கர் அதற்கும் பிறகுதான்.

ராக்கரின் உருளை முனையால் மட்டும் சக்தி பெரிதாக அதிகரிக்காது. வால்வு கைடின் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) பக்கத் தேய்மானம் குறையும், அவ்வளவுதான். லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கூடும்போது வால்வு ஸ்பிரிங் முழுதாக நசுங்கி முட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1275 எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இடிக்கவும் வாய்ப்புண்டு. தேவையில்லாமல் கடினமான ஸ்பிரிங் போட்டால் கேமும் அதன் மேல் உரசும் டேப்பெட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

டிக்டிக் சத்தம்தான் தொல்லை என்றால், ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது ஷாஃப்டும் புஷ்ஷும் மாற்றி, ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை 0.30 மில்லிமீட்டருக்கு வையுங்கள். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் இதைத்தான் செய்வேன்.