எரிமலைச் சாம்பல் விழுந்த தோட்டத்துக்கு உரம் வேணாமா?

கேள்வி: எங்க தோட்டத்துல எரிமலைச் சாம்பல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு படிஞ்சிருக்குங்க. தக்காளி பூ எடுத்து நிக்குது, பக்கத்துல பீன்ஸ், நாலு ஆடும் இருக்கு. எரிமலை மண்ணு நல்லா விளையும்னு சொல்றாங்களே, இந்த போகத்துக்கு உரத்தை நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்தாதீங்க. ஜாவா தீவுல மெராபி மலைச் சரிவு செழிப்பா இருக்குன்னா அது நேத்து விழுந்த சாம்பலால இல்லைங்க, ரொம்ப காலமா மழையிலயும் வேர்லயும் சிதைஞ்சு, இலைதழை மக்கி சேர்ந்து மண்ணா மாறினது. இப்ப உங்க தோட்டத்துல கிடக்கறது பொடியான கண்ணாடியும் பாறைத்தூளும்தான். பொட்டாஷ், கால்சியம், மெக்னீசியம்லாம் உள்ள இருக்கு, ஆனா பெரும்பங்கு அந்தக் கண்ணாடிக்குள்ளயே பூட்டி கிடக்கு, தழைச்சத்து (நைட்ரஜன்) கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. அடுப்புச் சாம்பல் மாதிரி நினைச்சுடாதீங்க, அது காரம், இது எரிமலைப் புகையில இருக்கற அமிலத்தை மேல பூசிக்கிட்டு வந்து விழுது, அதனால முதல் மழையிலயே அமிலமும் உப்பும் கரைஞ்சு மண்ணுல இறங்கும். கொஞ்சம் கந்தகச்சத்து கிடைக்கும், அது லாபம்தான்.

முதல்ல ஆட்டைக் கட்டிப் போடுங்க, பயிரை அப்புறம் பாத்துக்கலாம். சாம்பல் படிஞ்ச புல்லை மேஞ்சா சாம்பல்ல ஒட்டியிருக்கற ஃபுளோரைடுங்கற உப்பும் வயித்துக்குள்ள போகும், பல்லு எலும்பெல்லாம் கெட்டுடும், அளவு மீறினா உயிரே போயிடும். ஐஸ்லாந்துல 1783ல லாக்கி வெடிச்சப்ப அந்த நாட்டு ஆடுகள்ல முக்கால்வாசிக்கு மேல செத்துப்போச்சு, 1970ல ஹெக்லா வெடிச்சப்பவும் ஆடுகளுக்கு ஃபுளோரைடு விஷம் ஏறுச்சு. சாம்பல் படாத தீவனமும் மூடி வெச்ச தண்ணியும் மட்டும் குடுங்க.

செடிக்கு வந்தா, சாம்பல் காய்ஞ்சிருக்கும்போதே, பனி இறங்கறதுக்கு முன்னாடி, தண்டைப் பிடிச்சு மெதுவா உலுக்கி விடுங்க. துணியால துடைக்க வேணாம், துகள் கூரா இருக்கும், இலையை கீறிடும். தண்ணி அடிக்கறதா இருந்தா தாராளமா அடிங்க, சும்மா தெளிச்சா இலை மேலயே சேறா ஒட்டிக்கிட்டு வெயில் உள்ள போகாது. பூவுல படிஞ்சா காய்ப்பிடிப்பு குறையும், தேனீயும் கம்மியாகும், ஏன்னா பூச்சி உடம்பு மேல இருக்கற மெழுகை இந்தத் தூள் உரசி எடுத்துடும், உடம்புத் தண்ணி போய் செத்துடும். 1980ல அமெரிக்காவுல செயின்ட் ஹெலன்ஸ் வெடிச்சப்பவும் நிறைய பூச்சி இப்படித்தான் செத்துச்சு. இதுல நல்ல பூச்சி கெட்ட பூச்சின்னு பாகுபாடு கிடையாது.

மண்ணுல பொருக்கு கட்டிடுச்சுன்னா மழைத்தண்ணி உள்ள இறங்காம ஓடிடும், அதனால களைக்கொத்தால வரிசைக்கு நடுவுல கிளறி உடைச்சு விடுங்க. அறுவடை முடிஞ்சதும் மக்கின தொழு உரத்தைக் கொட்டி ஒரு சாண் ஆழத்துக்கு உழுது கலந்துடுங்க, இந்த கனத்துக்கு அது போதும். சுண்ணாம்பு இப்பவே போடாதீங்க, மண்ணை டெஸ்ட் பண்ணி பி.எச். (அமில-கார அளவு) பாத்துட்டு முடிவு பண்ணலாம். அடுத்த போகத்துக்கு பயறு வகை போட்டா தழைச்சத்தை அதுவே கொஞ்சம் தேடிக்கும். வருஷக்கணக்குல சாம்பல் சிதையச் சிதைய மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இறுக்கிப் பிடிச்சுக்கற களிமண் உண்டாகும், அதனால பாஸ்பேட்டை வயல் முழுக்க வீசாம வேர் பக்கமா கோடு இழுத்து வைக்கற பழக்கத்தை இப்பவே ஆரம்பிச்சுடுங்க. சொட்டுநீர் இருந்தா ஃபில்டரை தினமும் கழட்டிக் கழுவுங்க, உலுக்கறது, கிளறறதுன்னு சாம்பல் பறக்கற எந்த வேலைக்கும் மாஸ்க்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கங்க.