நரம்பை உறைய வைத்தால் வலியும் தசை இறுக்கமும் குறையுமா? நரம்பு செத்துப்போகாதா?

அப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு முழங்கை மடங்கியபடியே இறுகிக் கிடக்கிறது, அம்மாவுக்கு மூட்டுத் தேய்மான வலி, இருவருக்கும் ஒரே சிகிச்சையைச் சொல்கிறார்கள், இது ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று வேலை இல்லை. கருவி ஒன்றுதான், ஆனால் தொடுகிற நரம்பு வேறு, எதிர்பார்க்க வேண்டிய பலனும் வேறு.

முதலில் ஓர் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். குளுக்கோஸ் ஏற்றும்போது "நரம்பு கிடைக்கலை" என்கிறோம், அது சிரை, அதாவது ரத்தக்குழாய். காலில் "நரம்பு சுருட்டிக்கிச்சு", அதுவும் சிரை. கழுத்தில் "நரம்பு பிடிச்சுக்கிச்சு", அது பெரும்பாலும் தசை. அதனால் நரம்பை உறைய வைப்பது என்றதும் ரத்த ஓட்டமே நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். இங்கே பேசுவது மூளைக்கும் உடம்புக்கும் நடுவே செய்தி கடத்தும் நரம்பை மட்டும்.

இதன் பெயர் கிரையோநியூராலிசிஸ். ஊசி போன்ற ப்ரோபுக்குள் அழுத்தத்தில் இருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு விரிவடையும்போது முனை கடுங்குளிராகிறது. அந்த வாயுவின் கொதிநிலையே மைனஸ் 88 டிகிரி செல்சியஸ். வாயு ப்ரோபுக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும், உடம்புக்குள் போகாது. முனையைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பனி உருண்டை உருவாகும். அதற்குள் சிக்கிய நரம்பில் உள்ளே ஓடும் இழை அறுந்துபோகும், அதைச் சுற்றியுள்ள குழாய் போன்ற உறை நிற்கும். அந்தக் குழாய் வழியாகவே இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளர்ந்து திரும்புகிறது. அதனால்தான் பலன் சில மாதங்களுக்கு மட்டும். மரு எடுக்கப் பயன்படும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196. அவ்வளவு குளிர் இங்கே கூடாது, மைனஸ் 140க்குக் கீழே போனால் உறையும் சிதையலாம்.

அப்பா விஷயத்தில் முக்கியமானது உறைய வைப்பது அல்ல, அதற்கு முந்தைய சோதனை பிளாக், அதாவது நரம்பைச் சிறிது நேரம் மட்டும் மரத்துப்போக வைத்துப் பார்ப்பது. அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்து, லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தை ஒன்றிரண்டு மில்லி போட்டு, சற்றுப் பொறுத்து முழங்கையை மெதுவாகவும் வேகமாகவும் நீட்டிப் பார்ப்பார்கள். கை விரிந்தால் அது நரம்பு தூண்டும் இறுக்கம், உறைய வைப்பதில் பலன் இருக்கும். விரியவில்லை என்றால் தசையும் மூட்டும் சுருங்கி நிலைத்துவிட்டன என்று பொருள், எத்தனை முறை உறைய வைத்தாலும் கை அப்படியேதான் இருக்கும். சோதனை பிளாக் இல்லாமலே நேரே தேதி குறித்தால் "ஏன்?" என்று கேளுங்கள்.

முழங்கையை மடக்குவதில் பெரும்பங்கு பைசெப்ஸ், பிராக்கியாலிஸ் தசைகளுக்கு. இரண்டுக்கும் முக்கியமாக மஸ்குலோக்யூட்டேனியஸ் நரம்பு போகிறது. அதுவே கீழே இறங்கி முன்கையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்வு நரம்பாகிறது. அந்தப் பகுதியையும் சேர்த்து உறைய வைத்துவிட்டால் வாரக்கணக்கில் எரிச்சல், கூச்சம் வரலாம். அதனால் தசைக்குள் நுழையும் கிளைகளைத் தேடுவார்கள்: நொடிக்கு ஒன்றிரண்டு முறை மின்தூண்டல் கொடுக்கும்போது பைசெப்ஸ் துள்ளினால் இடம் சரி. முழங்கையை மடக்கும் இன்னொரு தசையான பிராக்கியோரேடியாலிஸும் இறுகியிருந்தால் இந்த ஒரு நரம்பு போதாது, அதற்கு வருவது ரேடியல் நரம்பு.

இரண்டு மி.மீ. தள்ளி உறைய வைத்தாலே நரம்பு தப்பிவிடும். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் இருந்தால் அதன் வெப்பம் பனி உருண்டையைச் சுருக்கும். குளிர் போதாமல் போனால் கொஞ்ச நாளிலேயே பழைய நிலை. "பலிக்கவில்லை" என்பவர்களில் சிலர் இந்த வகை. அதனால் ஓரிரு நிமிடம் உறைய வைத்து, உருக விட்டு, மறுபடி உறைய வைப்பார்கள். உருகும் முன் ப்ரோபை இழுத்தால் திசுவும் சேர்ந்து கிழியும். தோலுக்கு மிக அருகே செய்தால் தோல் வெந்ததுபோலாகிக் கறுத்துப்போகலாம்.

அம்மாவுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே போகும் சஃபீனஸ் நரம்பின் ஒரு கிளை பெரும்பாலும் இலக்காக இருக்கும். அது உணர்வு நரம்பு மட்டுமே, கால் பலவீனமாகாது. உள்ளங்கை அளவு இடம் மரத்துப்போகலாம். மூட்டின் முன்பக்க வலிக்கு உதவும், பின்பக்க வலிக்கு உதவாது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வராது.

"போட்டாக்ஸ் இருக்கும்போது இது எதற்கு?" என்று யாராவது கிளம்புவார்கள். போட்டாக்ஸ் என்பது இறுகிய தசையைத் தளர்த்தப் போடும் ஊசி மருந்து. அது வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதன் மொத்த டோஸுக்கு வரம்பு உண்டு, பலன் சுமார் 3 மாதம். முழங்கையை உறைய வைத்துச் சமாளித்தால் அந்த டோஸை விரல்களுக்கு ஒதுக்கலாம். மூட்டுவலியோடு ஒப்பிட்டால் இறுக்கத்துக்கு இந்த முறை புதிது, ஆய்வுகள் சிறியவை. அதையும் மறைக்கவில்லை.

கிரையோகுளோபுலினீமியா (குளிரில் ரத்தத்தின் சில புரதங்கள் திரளும் நோய்), குளிர்பட்டால் தடிப்பு, ரேனாட் நோய் (குளிரில் விரல்களின் ரத்தக்குழாய் சுருங்கி வெளுத்துப்போவது) இருப்பவர்களும் ஊசி போடும் இடத்தில் சீழ்ப்புண் இருப்பவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காலில் செய்வதாக இருந்தால் இன்னொன்று: சிலர் அந்த இறுக்கத்தை ஊன்றித்தான் நிற்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் கால் மடங்கி விழுவார்கள். பிளாக் போட்டதும் எழுந்து நடக்கவைத்துப் பார்த்தால் இதுவும் தெரிந்துவிடும்.

கை விரிந்தபின் பிசியோவும், கையை நீட்டிய நிலையில் பிடித்துவைக்கும் ஸ்ப்ளின்டும் அந்த வாரமே தொடங்க வேண்டும், நரம்பு திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. பிளாக் போட்ட அன்று கை எவ்வளவு நீளுகிறது என்று பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிசியோகாரரிடம் காட்ட உதவும்.